அகில்கட்டை வாங்கப் போன ஆறு

அல் ஐன், 2006

அன்பு ரம்ஸியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

கடைக்கு அகில்கட்டை வாங்க எங்கள் முதலாளி அர்பாப் என்னை இந்தோனேசியாவுக்கு அனுப்பினாரே, நல்லபடியாகத் திரும்பிவிட்டேன். அந்த ஊரே ஆற்றின் மேல்தான் இருக்கிறது. பெரிய மரங்களைக் கட்டி, அவற்றின்மேல் வீடு வைத்திருக்கிறார்கள். படகு போனால் தரை ஆடும்.

ஒருநாள் மிதந்து வந்த மரம் படகில் மோதி, நான் தண்ணீரில் விழுந்துவிட்டேன். கொஞ்சம் தண்ணீர் குடித்தேன், வேறொன்றுமில்லை. நான் தங்கியிருந்த வீட்டு நூர்லேலா காலரைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். சவூதியில் வேலை பார்த்தவள், அரபி தெரியும். "நீச்சல் தெரியாமலா வந்தாய்?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலுக்குக் கீழே எதுவுமே தட்டுப்படவில்லை, ரம்ஸியா.

அர்பாப் அங்கே ஒரு கிடங்கு வாங்கியிருக்கிறார். இரண்டு வருடம் தங்கிப் பார்த்துக்கொள் என்கிறார். "எனக்குத் தண்ணீர் என்றால் பயம், அர்பாப்" என்றேன். "அப்படியானால் கலாஸ், வேலை முடிந்தது, விசாவை கேன்சல் செய்கிறேன், ஊருக்குப் போ" என்றார். சரி, கிடங்குக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை மறுபடி இந்தோனேசியாவுக்குப் பயணம்.

உம்மாவிடம் ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டாம். நம் மகன் அஹ்சனை மட்டும் நீச்சல் பழக அனுப்பு. உன் தம்பி பக்கத்திலேயே நிற்கட்டும். அர்பாப் கூப்பிடுகிறார். துஆ செய்.

சுஐபு