ரத்தம் சொன்ன வயது

அன்பு மகள் சைராகுலுக்கு,

சித்தப்பா எசென் எழுதுவது. நானும் உன் சித்தி புருலும், நாற்பத்தொரு ஆடும், இரண்டு பெட்டைக் குதிரையும், பல் போன நாயும் இங்கே சுகம். ஜெர்மனியில் நீயும் உன் ஆய்வுக்கூடமும் அதில் வளர்கிற எலிகளும் சுகமாக இருக்க வேண்டும். நம் நாரின் மலைப்பக்கம் பனி இன்னும் விடவில்லை, போன வாரம் பட்டிக்கு ஐந்து ஓநாய் வந்தது, ஒற்றை ஆளாக மண்வாரியை வைத்து விரட்டினேன், சித்தியைக் கேட்டால் ஒன்று என்பாள், அதுவும் பக்கத்து வீட்டு நாய் என்பாள், அதை நீ நம்பாதே. ஆனால் இனி இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போகிறதை நம்பு. மூன்று முறை போனில் சொல்ல ஆரம்பித்தேன், மூன்று முறையும் குதிரைக்குட்டி பிறந்த கதையைச் சொல்லி வைத்துவிட்டேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவன், எழுதினால் தப்பிக்க முடியாது என்று உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரப் பெண் இதைப் போட்டோ எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்புவாள், அடுத்த மாதம் நீ அந்தப் பெரிய சபையில் பேசுவதற்கு முன்னால் இது உன் கையில் இருக்க வேண்டும்.

போன கோடையில் உன் பேராசிரியரோடு வந்தாய். அண்ணனும் அண்ணியும் போனபிறகு ஆறு வயதில் எங்கள் வீட்டுக்கு வந்து வளர்ந்தவள், ஜெர்மனிக்குப் போய் ஆறு வருஷம் கழித்து அப்போதுதான் ஊருக்கு வந்தாய். மனுஷனுக்கு ஏன் வயசாகிறது என்று கண்டுபிடிக்க ரத்தம் எடுக்க வந்தோம் என்றாய். தொண்ணூறு தாண்டியவர்கள் பத்துப் பேராவது வேண்டும், இங்கே கிடைக்காவிட்டால் மலைக்கு அந்தப்பக்கம் போய்விடுவோம், ரெண்டு நாள்தான் இங்க இருப்பேன் சித்தப்பா என்று சொன்னாய். சித்தி அப்போது உனக்காக மாவு பிசைந்துகொண்டிருந்தாள், கையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பாஸ்போர்ட்டை நம்ப முடியாது, கிழவர்கள் எல்லோருக்கும் ஜனவரி ஒன்றாம் தேதி என்று போட்டிருக்கிறான், நீங்களே மிருக ஆண்டை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்லுங்க என்று நோட்டை என்னிடம் கொடுத்தாய். ஆட்டு ஆண்டில் பிறந்தேன், பன்றி ஆண்டில் பிறந்தேன் என்று நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். எந்தச் சுற்று ஆடு, எந்தச் சுற்றுப் பன்றி என்பதுதான் அடுத்தவன் சொல்ல வேண்டும், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதே மிருகம் திரும்பி வந்துவிடுகிறதே. இந்தப் பள்ளத்தாக்கில் அதை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவன் கிடையாது, இது பெருமைக்குச் சொல்லவில்லை. அதனால்தான் சொல்கிறேன் மகளே, நான் தவறிப் போடவில்லை. தெரிந்தே போட்டேன். கிழவன் ஷார்ஷென் பிறந்தது 1943 ஆட்டு ஆண்டு, அதை நான் 1931 என்று எழுதினேன். இப்படிப் பதினான்கு கிழவர்களுக்கும் ஒவ்வொரு சுற்று, பன்னிரண்டு வருஷம், பின்னால் தள்ளினேன். நீ பதினைந்து நாள் தங்கினாய். அந்தப் பதினைந்து நாளும் சித்தி பாடிக்கொண்டே பால் கறந்தாள்.

பிறகு குளிர்காலத்தில் நீ போன் செய்து, சித்தப்பா, நம்ம மலை ஜனங்க ரத்தம் அவங்க வயச விடப் பன்னிரண்டு வருஷம் இளசா இருக்கு, பேராசிரியர் தூங்கவே இல்ல என்றாய். நான் போனைச் சித்தியிடம் கொடுத்துவிட்டேன், நீ சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாய். அப்புறம் நானும் சும்மா இருக்கவில்லை, ஊரெல்லாம் சொன்னேன், நம் குதிரைப்பாலில் சாவுக்கே இடமில்லை என்று இரண்டு கல்யாணத்தில் பேசினேன். சந்தையில் ஆடு விற்கிறவன் சொல்வதை நான் என்றைக்காவது கேட்டிருக்கிறேனா, வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துத்தானே வாங்குவேன். நீ ரத்தத்தின் வாயைப் பிளந்து பார்த்தாய், அது ஒழுங்காகத்தான் வயசைச் சொன்னது. ஆடு விற்றவன் நான்தான்.

இப்போது வீடு வீடாகப் போய் உண்மையான ஆண்டைக் கேட்டு, கைநாட்டு வாங்கி, தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். சும்மா கிடைக்கவில்லை. போன வருஷம் தொண்ணூத்தி மூணுன்னு நீதானே சொன்னே, இப்ப எண்பத்தொண்ணுங்கிற, நடுவுல பன்னிரண்டு வருஷத்த எங்கடா மேய விட்டே என்று ஷார்ஷென் கேட்டான். கைநாட்டு வைக்கவே மாட்டேன் என்றான், தொண்ணூறு ஆனப்புறந்தான் எம் மருமக டீய சூடாக் கொண்டாந்து குடுக்கிறா, என்னை மறுபடி எளந்தாரியாக்காத என்றான். மருமகளிடம் சொல்லவே மாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் கட்டைவிரலை நீட்டினான். நீயும் சொல்லிவிடாதே.

இதெல்லாம் பாதிதான். மீதியை எழுத இரண்டு நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன். கிழவர்களோடு ஒப்பிட நடுவயசுக்காரர்கள் வேண்டும் என்று எங்கள் இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்தாயே. எனக்கு ஐம்பத்தொன்பது, ரத்தம் ஐம்பத்துநாலு என்றது, அதையும் ஊரெல்லாம் சொன்னேன். சித்திக்கு ஐம்பத்தாறு. அவள் ரத்தம் அறுபத்தேழு என்று வந்திருக்கிறது, சித்தியோட ஆண்டு ஒரு சுற்று தப்பா இருக்குமோ, 1956 குரங்கு ஆண்டா இருக்குமோ என்று நீ மெதுவாகக் கேட்டாய். ஆமாம் ஆமாம், தப்பிப் போச்சு, அந்த வரியை அடித்துவிடு என்று சொல்லிவிட்டேன். தப்பவில்லை மகளே. அவள் 1968தான். அந்த நோட்டில் நான் கை வைக்காத வரி எங்கள் இரண்டு பேருடையதுதான்.

உடம்பு தினமும் தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்கிறது, பிள்ளை பெறவும் பால் கொடுக்கவும் குளிரைத் தாங்கவும் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டால் பழுது பார்க்க மிச்சம் இருக்காது, அதில் சேர்கிற ஓட்டைதான் வயசு என்று நீ அடுப்பருகில் உட்கார்ந்து எனக்கு விளக்கினாய். நான் தலையாட்டிக் கேட்டுவிட்டு அடுத்த நாளே அதை என் கண்டுபிடிப்பாக டிராக்டர்க்காரனிடம் சொன்னேன். நம் கூடாரத்துக் கம்பளியைப் போல என்றேன், வருஷா வருஷம் தைக்காவிட்டால் ஒழுகும் என்றேன். அவளை யார் தைத்தது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. ஐந்து பிரசவம். முப்பத்தைந்து குளிர்காலம் கோடாரியால் ஆற்றுப் பனியை உடைத்துத் தண்ணீர் சுமந்தவள். கடைசிப் பிள்ளை மேய்ச்சல் மலையில் பிறந்த அன்று நான் குதிரைப் போட்டியில் ஜெயித்தேன் என்று உனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஜெயித்தது உண்மை. அவள் கூடாரத்தில் தனியாகப் பெற்று, தானே கொடி அறுத்து, மாலையில் நான் கூட்டிவந்த ஒன்பது பேருக்குக் கறி வேகவைத்தாள் என்பதை எப்போதும் விட்டுவிடுவேன். இவ்வளவு நாள் நான் இளசாக இருந்தது எப்படி என்று உன் இயந்திரத்துக்குத் தெரியுமோ தெரியாது, எனக்குத் தெரிகிறது.

அவளிடமும் பொய்தான் சொல்லியிருந்தேன், உன் ரத்தம் இருபது வயசுப் பெண்ணுடையதாம் என்று. அந்தச் சேதிய எம் முழங்காலுக்கு யாராவது போய்ச் சொல்லுங்க என்றாள். நேற்று மத்தியானம் உண்மையைச் சொன்னேன். ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு, அறுபத்தேழுதானா, நான் எழுபதுக்கு மேலன்னுல்ல நெனச்சிருந்தேன் என்றாள். நான் வாளியையும் கோடாரியையும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திவிட்டது, அவ்வளவு தூரம் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது.

பேராசிரியர் உன்னைக் கோபித்தால் இந்தக் கடிதத்தைக் காட்டு, சித்தப்பன் பொய்யன் என்று சொல், எனக்கு வருத்தமில்லை. மலை ஜனங்களின் அதிசயம் போய்விட்டதே என்று நீ அழுவாய் என்பதுதான் வருத்தம். உன் பாதை திறந்திருக்கட்டும், உன் கூரையில் புகை நிற்காமல் இருக்கட்டும், உன் பெயர் சுத்தமாக இருக்கட்டும். இந்தக் கோடையில் வேலை எதுவும் இல்லாவிட்டாலும் வா, இங்கே தொண்ணூறு வயசுக்காரர்கள் யாரும் இல்லை, வெறுமனே வா. சித்தியின் வரியை மட்டும் அடிக்காதே, 1968 என்றே போடு.

உன் சித்தப்பா,
எசென்