தும்மல்களோடு கூடிய குரலை அழிக்காதிருக்க வேண்டி

அனுப்புநர்:
அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துநராக இருந்து பார்வை இழந்தவர்,
பொது நூலக ஒலிநூல் பிரிவின் உறுப்பினர்,
நூலகத்தின் பின்தெரு, மாடி வீடு.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
பொது நூலகத் துறை.

பொருள்: ஒலிநூல் வாசிப்பாளரான என் மனைவியைப் பணியிலிருந்து நீக்கியும், அவர் பதிவு செய்த நூல்களை அழிக்கச் சொல்லியும் பிறப்பிக்கப்பட்ட ஆணையை ரத்து செய்யவும், ஒலிப்பதிவு அறையைப் பெருக்கவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வையற்றோருக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் ஒலிநூல் பிரிவில் என் மனைவி நெடுங்காலம் வாசிப்பாளராக இருந்தார். "தொடர் சளித் தொல்லையால் பணிக்குத் தகுதியற்றவர்" என்று சென்ற மாதம் நீக்கப்பட்டார். அண்மைக் காலத்தில் அவர் வாசித்த நூல்களில் தும்மலும் மூக்குறிஞ்சலும் கேட்பதால், அவை வரும் திங்கட்கிழமை அழிக்கப்பட்டு, அவ்விடத்தில் கணினிக் குரல் வைக்கப்படும் என்றும் ஆணை கூறுகிறது. கணினிக்கு மூக்கு இல்லாததால் இனி இத்தொல்லை எழாது என்று பிரிவு அலுவலர் விளக்கினாராம். அவர் சொல்வதில் பிழை இல்லை. ஆணையில் இரண்டு எழுத்துப் பிழைகள் இருப்பதாகத் தட்டச்சுக் கடைக்காரர் படித்துச் சொன்னார். அவை குறித்து எனக்கு முறையீடு இல்லை.

2. என் மனைவிக்கு இருப்பது சளி அன்று. சளி என்றால் உடம்பு காயும், தொண்டை வலிக்கும், ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். இவருக்குக் காய்ச்சல் வந்ததே இல்லை. ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்த சற்று நேரத்தில் அடுக்கடுக்காகத் தும்மல் வரும். மூக்கிலிருந்து தண்ணீராய் ஒழுகும். கண்ணும் அண்ணமும் அரிக்கும். பிறகு மூக்கு அடைத்துக்கொள்ளும். விடுமுறை நாளில் வீட்டில் நன்றாக இருப்பார். இந்த ஒழுங்கு அவர் வாசித்த நூல்களிலேயே பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு பதிவிலும் முதல் சில பக்கங்கள் தெளிவாக இருக்கும். அப்புறம் அவர் வாயால் மூச்சு விடத் தொடங்குவார், குரல் கனத்துவிடும். கதையில் உருக்கமான கட்டம் வந்துவிட்டது என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். சமையல் குறிப்புகளிலும் அதே உருக்கம் வந்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

3. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளிச்சத்தம் புகாதிருக்கச் சுவரெங்கும் பஞ்சு வைத்துத் தைத்த துணி, தரையில் கம்பளம். வாசலில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அது எரியும்போது எவரும் உள்ளே நுழையக்கூடாது என்பது விதி. விளக்கின் சுவிட்ச் கெட்டு, அது இரவும் பகலும் எரிந்துகொண்டே இருக்கிறது. துப்புரவுப் பணியாளரிடம் விசாரித்தேன். "செவப்பு லைட்டு எரியுதுங்க, எப்படி உள்ள போறது? மீறிப் போனா மெமோ குடுப்பாங்க" என்றார். எப்போது அணையும் என்று கேட்டதற்கு, "நான் வேலைக்கு வந்ததுலேருந்து அணையலைங்க" என்றார். ஆக, விதி ஒரு நாளும் மீறப்படவில்லை. அறை ஒரு நாளும் பெருக்கப்படவும் இல்லை. இதற்கிடையே தும்மல் ஓசை அடுத்த அறைக்குக் கேட்கிறது என்று புகார் வந்தது. ஒலிப்பதிவாளர் நல்ல பிள்ளை. "அக்கா, உங்க தும்மலை மட்டும் தொகுத்து தனியா ஒரு புத்தகமே போடலாம்" என்று கேலி பேசிக்கொண்டே, கிடங்கிலிருந்து பழைய கம்பளிகளைக் கொண்டுவந்து சுவரில் ஆணியடித்து மாட்டினார். தும்மல் ஓசை வெளியே குறைந்தது. உள்ளே கூடியது.

4. அலுவலக மருந்தகத்தில் கொடுத்த மாத்திரை தூக்கத்தை வரவழைத்தது. மண் பரிசோதனை பற்றிய நூலில் ஓரிடத்தில் வாசிப்பு நின்று, நெடுநேரம் மூச்சு மட்டும் கேட்கும். மனைவி உறங்கும் ஓசையைக் கணவன் கேட்பது புதிதல்ல. அரசு செலவில் கேட்டது அதுவே முதல் முறை. பிறகு கடையில் வாங்கிய சொட்டு மருந்தை வாரக்கணக்கில் விட்டுக்கொண்டதில், மருந்து விட்டால்தான் மூக்கு திறக்கும் என்ற நிலை வந்தது. இறுதியில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். "இது சளி இல்லம்மா, அலர்ஜி. யாருக்கும் ஒட்டாது. அந்தத் துணியில இருக்குற தூசுப் பூச்சிதான் உங்களுக்கு ஆகலை" என்றார் அவர். சொட்டு மருந்தை நிறுத்தி, தினமும் அடிக்கும் மூக்கு ஸ்பிரேயும், தூக்கம் வராத மாத்திரையும், கொதித்து ஆறிய உப்பு நீரால் மூக்கைக் கழுவும் முறையும் சொன்னார். தலையணை உறைகளை வெந்நீரில் துவைக்கச் சொன்னார். ஸ்பிரே முழுப் பலன் தரச் சில வாரம் பிடிக்கும் என்றார். ஆணைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. மருத்துவச் சான்றிதழைக் கொண்டுபோனபோது பிரிவு அலுவலர், "சர்டிபிகேட் தும்மாதும்மா, நீங்கதானே தும்முறீங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவர் பேசும்போது மூக்கைக் கைக்குட்டையால் மூடியிருந்தாராம்.

5. இனி எழுதுவது ஆணைக்குப் புறம்பானதாகத் தோன்றலாம், பொறுத்தருள்க. என் கண் போனதும், நாளிதழை எனக்குப் படித்துக்காட்டத் தொடங்கித்தான் என் மனைவி வாசிப்பாளர் ஆனார். என் தொழிலின் வழக்கப்படி நிறுத்தற்குறிகளையும் சொல்லிப் படிப்பார். துக்கச் செய்தியிலும் முற்றுப்புள்ளி விடுபடாது. வேலையிலிருந்து வந்து, அடைத்த மூக்கோடும் எனக்குப் படிப்பார். ஆணை வந்த நாள் முதல் படிப்பதில்லை. நாளிதழ் கதவிடுக்கில் விழும் ஓசை கேட்கிறது. அதை அவர் எடுத்து மடித்து வைக்கும் ஓசையும் கேட்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்பதில்லை. நான் வற்புறுத்தியபோது, "கேக்க முடியாத குரல்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்கல்ல, நீங்க மட்டும் எதுக்கு சகிச்சுக்கணும்?" என்றார். மருந்தால் அவர் மூக்கு இப்போது திறந்துவிட்டது, ஐயா. வாய்தான் மூடிவிட்டது. பகலில் அவர் கடைக்குப் போகும் வேளையில், நூலகத்தின் பதிவுகளைத் தாழ்ந்த ஒலியில் வைத்து அவர் குரலைக் கேட்கிறேன். திங்கட்கிழமைக்குப் பின் அதற்கும் வழியில்லை.

6. நேயர்கள் கேட்கும் பதிவின் தரம் பற்றி ஆணை கவலைப்படுவதால் இதையும் சொல்கிறேன். ஒலிநூல் பிரிவின் மற்றோர் உறுப்பினரான கண் தெரியாத மூதாட்டி ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அந்தத் தும்முற பொண்ணு எங்கப்பா போச்சு? அது தும்முறப்பல்லாம் நூறு ஆயுசுன்னு சொல்லிக்கிட்டே கேப்பேன். இப்ப புதுப் பொஸ்தகத்துல வர்ற குரல் தும்மவும் மாட்டேங்குது, மூச்சும் விட மாட்டேங்குது. யாரும் இல்லாத வீட்டுல ரேடியோ பாடுற மாதிரி இருக்கு" என்றார். அந்தப் பெண் என் மனைவி என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

7. ஆகவே, சிவப்பு விளக்கை ஒரு நாளாவது அணைத்து, கம்பளிகளையும் கம்பளத்தையும் அகற்றி, துடைக்கக்கூடிய பலகைகளைச் சுவரில் பொருத்தி, அறையைப் பெருக்க ஆவன செய்யுமாறும், அடுத்து அங்கே உட்காரப் போகிறவருக்கும் மூக்கு உண்டு என்பதைக் கருத்தில் கொள்ளுமாறும் வேண்டுகிறேன். மருத்துவச் சான்றிதழை ஏற்று என் மனைவியை மீண்டும் பணியில் அமர்த்துமாறும் கோருகிறேன். அதற்கு விதியில் இடம் தேட நாளாகும் என்றால், அதுவரை அந்தப் பதிவுகளை மட்டுமாவது அழிக்காமல் வையுங்கள். தும்மல்களை மட்டும் நீக்கித் தருவதாகவும் பரிவோடு யாரேனும் முன்வரலாம், அதுவும் வேண்டாம். அவை எங்களுக்குப் புத்தகம் படிக்கும்போது அவர் பட்ட பாடு. மெய்ப்புத் திருத்துநன் என்ற முறையில் சொல்கிறேன், அவை பிழைகள் அல்ல.

திங்கட்கிழமைக்கு முன் தங்கள் பதிலை எதிர்பார்த்து,

தங்கள் நூலகத்தின் உறுப்பினன்
(கையொப்பம்)

இடம்: மேற்படி வீட்டின் கூடம்
நாள்: கெடுவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை

சான்று: மனுதாரர் பார்வையற்றவர் ஆதலால், தட்டச்சு செய்யப்பட்ட இம்மனு விதிப்படி முழுவதும் அவருக்குப் படித்துக் காட்டப்பட்ட பின்னரே கையொப்பம் பெறப்பட்டது.

படித்துக் காட்டியவர்: மனைவி. நிறுத்தற்குறிகளுடன். ஐந்தாம் பத்தியில் இரண்டு முறை நின்று தொடர்ந்தார். தும்மல் இல்லை.