இண்டர் முடிந்த தையில்

1956 ஏப்ரல் 8, ஞாயிறு

இந்த நோட்டு பெங்களூரில் வாங்கினது. மந்திரிகள் எல்லாம் இதிலேதான் எழுதுகிறார்கள் என்று கடைக்காரன் சொன்னான். வாயால் சொல்லவில்லை, முகத்தில் அப்படித்தான் இருந்தது. நானும் எட்டாவது வரை படித்தவன். ஐந்தாவதோடு நின்றதாகத் தங்கச்சி வெள்ளையம்மா சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவளுக்கு ஞாபகம் போதாது.

ராகித் தாள் போர் போட்டாயிற்று. கெலவரப்பள்ளியில் என் போரை விட உயரமான போர் கிடையாது. ஆற்றுக்கு அந்தக் கரையிலிருந்து பார்த்தால் கோபுரம் மாதிரி தெரிகிறதாம்.

பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்திருக்கிற வெங்கடப்பன் இன்றைக்கும் ஆரம்பித்தான். அவன் மருமகள் எஸ்.எஸ்.எல்.சி. பாஸாம். பாஸானவள் ஏன் சாணி தட்டுகிறாள் என்று கேட்டேன்.

அவன் பெருமைக்குப் பதில் நான் தை மாசமே சொல்லிவிட்டேன். ஓசூரில் இருக்கிற வெள்ளையம்மா புருஷன் முனிவேலும் நானும் மாரியம்மன் முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தோம். அவன் மகள் ருக்மணி என் மகன் முனிராஜுக்கு. அவளை வேறு எவனுக்கும் கொடுக்கக்கூடாது, நானும் வேறு வீட்டில் பெண் எடுக்கக்கூடாது. முனிவேல், "படிப்பு முடிஞ்ச தையிலன்னு சொல்லிக்கலாம் மச்சான்" என்றான். அதெப்படி? சும்மா படிப்பென்றால் ஊருக்கு எப்படித் தெரியும்? எஸ்.எஸ்.எல்.சி.க்கு மேல் காலேஜில் இரண்டு வருஷம், இண்டர்மீடியட். "இண்டர்னு சொல்லு மாப்பிள்ளை, சத்தமா சொல்லு" என்றேன். மூன்று தடவை சொல்ல வைத்தேன். இண்டர் முடிந்த தையில் தாலி. இந்தப் பக்கம் ஜவளகிரி, அந்தப் பக்கம் அஞ்செட்டி வரை எந்த வீட்டிலும் இண்டர் பாஸ் மருமகள் கிடையாது. வெங்கடப்பன் கற்பூரப் புகையில் இருமுகிற மாதிரி நடித்தான்.

1956 ஜூன் 3

ருக்மணி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். மாகாணத்திலேயே முதல் என்று பஸ் கண்டக்டரிடம் சொன்னேன். ஜில்லாவிலாவது இருக்கும். சேலம் காலேஜில் சேர்க்கிறார்கள், ஹாஸ்டலும் உண்டு.

1956 ஜூன் 24

வயிறு எரிகிறது.

முனிவேல் சேலத்தில் பெண்ணைச் சேர்த்துவிட்டு வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கினதும், "மச்சான், இண்டர் இல்லையாம்" என்றான்.

"என்னப்பா, இடம் கிடைக்கலையா?"

"இடம் கிடைச்சுது. இண்டர்தான் கிடைக்கல. அந்தப் படிப்பையே எடுத்துட்டாங்களாம். இனிமே பி.யூ.சி.ன்னு ஒரு வருசம். அப்புறம் டிகிரி மூணு வருசம்."

யார் எடுத்தது? சர்வகலாசாலை. யாரைக் கேட்டு எடுத்தது? டெல்லியில் கமிஷன் போட்டார்களாம். இந்தியா பூராவும் ஒரே மாதிரி படிக்கணும், அப்படி மாற்றிக்கொண்டால்தான் பணம் தருவோம் என்றார்களாம். சர்வகலாசாலை சரி என்று தலையை ஆட்டிவிட்டது. எவ்வளவு படித்தவர்கள் உட்கார்ந்திருக்கிற இடம், கெலவரப்பள்ளி சென்னப்பன் என்று ஒருத்தன் கற்பூரம் அடித்திருக்கிறானே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வெங்கடப்பன் டீயை ஆற்றிக்கொண்டே, "பரவாயில்ல சென்னப்பா, என் மருமக படிச்ச எஸ்.எஸ்.எல்.சி. இன்னும் இருக்குது" என்றான். அந்தக் கடையில் இனி டீ குடிப்பதில்லை.

1956 ஜூன் 25

டெல்லிக்கு வேறு வேலை இல்லையா?

1956 நவம்பர் 4

மாகாணமெல்லாம் புதுசாகப் பிரித்தாயிற்று. ஓசூர் மைசூருக்குப் போகுமா மெட்ராசிலேயே இருக்குமா என்று வருஷம் பூராவும் தொண்டை கிழியக் கத்தினோம். இருந்த இடத்திலேயே இருக்கிறது. என் சத்தம்தான் டெல்லி வரை போயிருக்கும். எல்லையை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். தெலுங்கு பேசுகிறவன் தெலுங்கே பேசுவான், கன்னடம் பேசுகிறவன் கன்னடமே பேசுவான், சந்தையில் தமிழோடு மூன்றும் பேசுவோம். ஆனால் இண்டரை ஏன் தொட்டான்?

தீபாவளிக்கு ருக்மணி வந்தாள், இளைத்துப்போய். "பாடம் எப்படிம்மா?" என்று கேட்டேன்.

"புஸ்தகமே இன்னும் சரியா வரல மாமா. வாத்தியாருங்களுக்கே எதைச் சொல்லித் தரணும்னு தெரியல. பழைய இண்டர் நோட்டையே படிச்சுக் காட்டுறாங்க. ரெண்டு வருசத்துப் பாடத்தை ஒரு வருசத்துல திணிக்கிறாங்க."

"அப்போ அது இண்டர்தானே?"

"பாடம் இண்டர் மாமா. பேரு பி.யூ.சி."

கெட்டிக்காரி. யாருடைய மருமகள்.

1957 ஜூன் 9

பி.யூ.சி. பாஸ். சர்க்கரை வாங்கி ஊருக்கெல்லாம் கொடுத்தேன். அப்படியே ஓசூர் போய், "மாப்பிள்ளை, வர்ற தையில வச்சுக்கலாம்" என்றேன்.

முனிவேல் நகர்ந்து உட்கார்ந்தான். "இண்டர் முடியட்டும் மச்சான்."

"இண்டர்தான் இல்லையே?"

"அதுக்கு நான் என்ன பண்றது? கற்பூரம் அடிச்சுச் சொன்னதை மாத்தலாமா? மூணு தடவை சொல்ல வச்சது யாரு?"

பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். வெள்ளையம்மா பின்னாலேயே ஓடி வந்து தெருவில் விஷயத்தைச் சொன்னாள். ஆனேக்கல்லில் ஒரு பையனாம். பெங்களூர் மில்லில் குமாஸ்தாவாம், சைக்கிள் வைத்திருக்கிறானாம். முனிவேலுக்கு அங்கே மனசு போய்விட்டது. அதுதான் இண்டருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். டெல்லிக்காரன் தோண்டின பள்ளத்தில் இவன் பதுங்குகிறான்.

1957 ஜூன் 14

ஊர்க்கூட்டம் போட்டேன். பெரியவர் கோவிந்தப்பன் வெற்றிலையை மென்றுகொண்டு, "அன்னைக்கு வாயால சொன்னது என்ன?" என்று கேட்டார். வெங்கடப்பன் எழுந்து நின்று ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தான். அவனுக்கு மட்டும் எப்படி இவ்வளவு ஞாபகம்?

தீர்ப்பு: இண்டர் இல்லாமல் தாலி இல்லை. அதே சமயம் கட்டும் கட்டுதான். முனிவேல் வேறு இடத்தில் கொடுக்க முடியாது, நான் வேறு இடத்தில் எடுக்க முடியாது. கற்பூரம் அடித்த இரண்டு பேரும் ஒன்றாகப் போய் அம்மன் முன்னால் தேங்காய் உடைத்தால்தான் கட்டு அவிழும்.

முனிவேல் முகம் செத்துவிட்டது. சைக்கிள் மாப்பிள்ளை போச்சா? நன்றாக வேண்டும். கூட்டமே எனக்குக் கை தட்டியது. தட்டவில்லை, தட்டியிருக்க வேண்டும்.

1957 ஜூன் 21

மெட்ராஸ் பட்டணம் போய் வந்தேன். ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி நேரே சர்வகலாசாலை. யானை போகிற மாதிரி வாசல். என்னைப் பார்த்ததும் நாற்காலி கொடுத்தார்கள். நாற்காலி வராந்தாவில் இருந்தது, அதில் முன்பே ஒருவர் உட்கார்ந்திருந்தார், அவர் எழுந்ததும் நான் உட்கார்ந்தேன். மத்தியானத்துக்கு மேல் ஒரு கண்ணாடி போட்ட அதிகாரி கூப்பிட்டார். குமாஸ்தாவாகவும் இருக்கலாம், பேச்சு அதிகாரி பேச்சு.

"ஒரே ஒரு பெண்ணுக்கு இண்டர் கொடுங்க சார். பாடமெல்லாம் படிச்சாச்சு" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபப்படக்கூட நேரமில்லாத ஆள் மாதிரி இருந்தார். "இண்டர் இனிமே இல்லைங்க. பழைய மாணவர்கள், ஃபெயிலானவங்க மட்டும் கொஞ்ச காலம் எழுதலாம்."

"அப்போ எங்க பெண்ணை ஃபெயில்னு போட்டுக்குங்க."

பக்கத்து மேஜைக்காரன் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. "பெரியவரே, இங்கே எங்களுக்கு மட்டும் சந்தோஷமா? வேண்டாம்னு எங்க ஆளுங்களே பாதிப் பேர் சொன்னாங்க. டெல்லி பணம் தரேங்குது, மாத்துங்குது. பணம் இல்லாம லாபரட்டரி எப்படிக் கட்டுறது? மாத்தினோம். நாளைக்கு வேற மாதிரி சொன்னா அப்படியும் மாத்துவோம்."

நாளைக்கு வேற மாதிரி. அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஊரில் கேட்டவர்களிடம் துணைவேந்தரே நேரில் வாக்குக் கொடுத்தார் என்று சொல்லியிருக்கிறேன். இண்டர் திரும்பி வரும்.

1957 ஜூன் 23

கொல்லையில் வரப்புக் கட்டிக்கொண்டிருந்தேன். ருக்மணி தனியாக நடந்து வந்தாள், ஓசூரிலிருந்து, வெயிலில். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அப்பா நாளைக்குத் தேங்காயோட வருவாரு மாமா" என்றாள்.

"வரட்டும். காலில் விழுந்தால் யோசிப்பேன்."

"உடைச்சிடாதீங்க."

எனக்குப் புரியவில்லை. என் வீட்டுக்கு வர அவ்வளவு ஆசையா என்று ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது.

"கட்டு அவுந்த மறுநாளே ஆனேக்கல்காரங்களுக்கு வாக்குக் கொடுத்துடுவாரு. கட்டு இருக்கிற வரைக்கும் என்னை யாருக்கும் கொடுக்க முடியாது. இண்டரும் வராது. நான் மூணு வருசம் டிகிரி படிச்சு முடிச்சிடுவேன்."

"அப்போ என் மகன்?"

அவள் தரையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். "முனிராஜைக் கேளுங்க மாமா. அவருக்கும் தெரியும்."

திமிர். என் வாசலில் என் சத்தியத்தை எனக்கே எடுத்து நீட்டுகிறாள். என்னை என்ன கேணையன் என்று நினைத்தாளா? போ வீட்டுக்கு என்று சத்தம் போட்டேன். போனாள். மோர்ச் செம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

முனிராஜ் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். கேட்டேன். "எனக்கு என்ன நைனா அவசரம்? பெங்களூர்ல மிஷின் கம்பெனியில ஆள் எடுக்கிறாங்க, போகலாம்னு இருக்கேன். அது படிக்கட்டுமே. அது படிக்கணும்னு சின்ன வயசுலேருந்து சொல்லிக்கிட்டே இருக்குது, நீங்க ரெண்டு பேரும்தான் கேக்கல" என்றான்.

இரண்டும் சேர்ந்து பேசி வைத்திருக்கின்றன. சின்ன வயசிலேருந்து யாரிடம் சொன்னாள்? என்னிடம் சொன்னாளா? சொல்லியிருந்தால் எனக்கு ஞாபகம் இருக்காதா? என்னிடம் எவன் எதைச் சொல்கிறான் இந்த வீட்டில்—

நாளைக்கே உடைத்துவிடுகிறேன். எல்லாரும் ஒழிந்து போகட்டும். முனிராஜுக்கு சூளகிரிப் பக்கம் பெண் பார்க்கிறேன். எஸ்.எஸ்.எல்.சி. கூட வேண்டாம்.

1957 ஜூன் 24

முனிவேல் வந்தான், கோவிந்தப்பனையும் கூட்டிக்கொண்டு. கையில் தேங்காய். என் பெண்சாதி ரங்கம்மா, "உடைச்சித் தொலைச்சிட்டு வாங்க, நிம்மதியா இருக்கலாம்" என்றாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினவன்தான்.

கோயில் வாசலில் முனிவேல் சிரித்தான். "எல்லாம் நல்லதுக்குத்தான் மச்சான். பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இன்னும் படிப்பு? ஆனேக்கல்காரங்க இந்த ஆவணிக்கே கேக்குறாங்க."

அந்தச் சிரிப்பு. ஒரு வருஷமாக இண்டர் இண்டர் என்று என்னைக் கிறுக்கனாக்கின வாயில் அந்தச் சிரிப்பு.

"உடைக்கிறதில்ல" என்றேன்.

"என்ன மச்சான்?"

"இண்டர் திரும்பி வருதாம். சர்வகலாசாலையில நேரா கேட்டுட்டு வந்திருக்கேன். டெல்லி மனசு மாறும். காத்திருப்போம்."

"எத்தனை வருசத்துக்கு?"

"டெல்லியைக் கேளு."

தேங்காயைக் கீழே போட்டு என் சட்டையைப் பிடித்தான். நானும் பிடித்தேன். கோவிந்தப்பன் நடுவில் புகுந்து வேட்டி அவிழ்ந்து நின்றார். இருபது பேரை உதறித் தள்ளினேன் என்று நாளைக்குச் சொல்லலாம். அங்கே இருந்தது நாங்கள் மூன்று பேரும் ஒரு ஆடும்தான்.

இனி அந்த வீட்டு வாசல் மிதிப்பதில்லை. அவன் சந்தோஷப்படக்கூடாது, அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் எவனாவது சொன்னால் செருப்பால் அடிப்பேன்.

1957 ஜூலை 7

முனிவேல் பெண்ணை டிகிரிக்குச் சேர்த்துவிட்டானாம். வேறென்ன செய்வான்? வயசுப் பெண்ணைக் கொடுக்கவும் முடியாது, சும்மா வீட்டில் வைத்திருந்தால் ஊர் வாய் மூடாது. மூன்று வருஷம். ஒழியட்டும்.

சேலம் பஸ் நின்றபோது நான் தற்செயலாக அங்கே இருந்தேன். கூரை மேல் அவள் பெட்டியைக் கட்டினவன் அரைகுறையாகக் கட்டியிருந்தான். ஏறி இறுக்கிக் கட்டினேன். முனிவேல் அந்தப் பக்கம் பார்த்தான், நான் இந்தப் பக்கம் பார்த்தேன். நான் இறங்குகிறதை அவள் ஜன்னலில் இருந்து பார்த்தாள்.

1957 ஆகஸ்ட் 18

முனிராஜ் பெங்களூர் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். பெரிய மிஷினே இவன்தான் ஓட்டுகிறான். துடைக்கிறான் இப்போதைக்கு.

1958 ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். இன்னொரு தை. வெங்கடப்பன், "இண்டர் வந்துடுச்சா சென்னப்பா?" என்றான். டீக்கடைக்கு மறுபடி போக ஆரம்பித்தது தப்பு.

1959 பிப்ரவரி 15

வெங்கடப்பன் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு தெருவிலேயே கத்தினான். "சென்னப்பா, உனக்கு நல்ல காலம். பி.யூ.சி. சரியா வரலையாம். பழையபடி இண்டரே கொண்டு வரலாமான்னு யோசிக்கிறாங்களாம்."

டீயைக் கீழே வைத்தேன். "யார் யோசிக்கிறது?"

"யாரோ. டெல்லியில பேசிக்கிறாங்களாம். ஏன், சந்தோசம் தானே?"

என்ன சந்தோஷம்? ஒரு தடவை எடுத்ததை எடுத்ததாக வைக்கத் தெரியாதா இவர்களுக்கு? பிள்ளைகள் பாதிப் படிப்பில் இருக்கும்போது ஆளுக்கு ஆள் மாற்றுவார்களா? இண்டர் திரும்பி வந்தால் முனிவேல் சும்மா இருப்பானா? பி.யூ.சி.யும் இண்டரும் ஒன்றுதான், முடிந்துபோன கணக்கு, தாலி கட்டு, இல்லை தேங்காய் உடை என்று நாளைக்கே கூட்டம் போடுவான். அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கிறது. கணக்கில் அவள்தான் முதலாம். மாகாணத்திலேயே.

இரண்டு வருஷமாக இண்டர் வரும் வரும் என்று ஊர் பூராவும் சொன்ன வாய் இது. இன்றைக்கு, "அதெல்லாம் வராது, புளுகு, பேப்பரைப் பஜ்ஜி கட்டப் போடு" என்றேன். வெங்கடப்பன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பார்க்கட்டும்.

சாயங்காலம் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். ஒரு தேங்காய் வாங்கி அம்மன் முன்னால் வைத்தேன். பூசாரி உடைக்கக் கை நீட்டினான்.

தொடாதே என்றேன். முழுசாகவே இருக்கட்டும்.