விரதம் என்று சொல்லச் சொன்னவன்

என் செல்லத் தம்பி ஏழுமலைக்கு,

தண்ணீர் குடிக்காதே என்று உனக்குச் சொன்னவன் இன்னும் அதே ஜிம்மில் மாஸ்டராக இருக்கிறான். வீட்டில் கேட்டால் புரட்டாசி விரதம் என்று சொல்லிவிடு என்று சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான். நடந்த அநியாயம் இதுதான். மற்றதெல்லாம் பிறகு.

ஆணழகன் போட்டிக்கு முந்தின நாட்களில் நீ சோறு வேண்டாம், உப்பு வேண்டாம் என்றபோது நான் சந்தோஷப்பட்டேன். நம் நகரி ஊரில் புரட்டாசி சனிக்கிழமையில் விரதம் இல்லாத வீடு எது? தறி ஓட்டிவிட்டு வருவாய். குழாயடியில் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, ஒரு மிடறும் விழுங்காமல் உள்ளே போவாய். "இன்னா பக்திடா உனக்கு" என்றேன். "பெருமாளுக்குத்தான்க்கா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாய்.

நான் ஏமாந்துபோனேன் என்று தெருவில் பேசுகிறார்கள். இல்லை. பெருமாள் பெயரைச் சொல்லி என்னை ஏமாற்றினார்கள். இரண்டும் ஒன்றாகாது.

திருப்பதியில் போட்டி மேடைக்குப் பின்னால் விழுந்து உயிர் போன உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டினோம். உடம்பில் பூசியிருந்த பழுப்புச் சாயம் குடம் குடமாக ஊற்றியும் முழுசாகப் போகவில்லை. இப்போதும் காலையில் குழாயைத் திறந்தால் நீ கொப்பளிக்கும் சத்தம் கேட்கிறது. திரும்பிப் பார்த்தால் யாருமில்லை, தரை மட்டும் நனைந்திருக்கிறது. என் கையிலிருந்து சிந்தியதுதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் "ஏழுமல?" என்று கூப்பிட்டுப் பார்க்கிறேன். ஒரு நாளாவது பதில் சொல்லக் கூடாதா?

நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவள். உன் பவுடர் டப்பாக்களையும் மாத்திரை அட்டைகளையும் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். அந்தச் சின்ன மாத்திரை உடம்பிலிருந்து நீரை வெளியேற்றுவதாம். தோல் ஒட்டி, தசை வரிவரியாகத் தெரிய வேண்டும் என்று மாஸ்டர் உனக்கு அதைக் கொடுத்திருக்கிறான். போனில் வீடியோக்களும் போட்டுப் பார்த்தேன். ஒருவன் முட்டை மஞ்சளைத் தள்ளு என்கிறான், அடுத்தவன் அதுதான் சத்து என்கிறான். கடைசியில் இரண்டு பேரும் பவுடர் டப்பா விற்கிறார்கள்.

இப்போது உன் கூட்டாளி பாஸ்கர் இந்த வருஷப் போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கிறான். அதே மாஸ்டரிடம்தான் போகிறான். அவன் பெண்சாதி என்னைக் கடைத்தெருவில் பார்த்து, "எங்க ஊட்டுக்காரரு தண்ணிகூட இல்லாத விரதம் இருக்கப் போறாராம்க்கா" என்றாள், பூரித்துப்போய். அப்படியே ஜிம்முக்குப் போனேன்.

"ஏமி அக்கா, நீங்களும் வெயிட்டு தூக்க வந்துட்டீங்களா?" என்று மாஸ்டர் தெலுங்கு கலந்து பேசிச் சிரித்தான்.

"என் தம்பியத் தூக்கினு போனத விட வெயிட்டு எது வெச்சிக்கினு கீற நீ? எடு, பாக்கறேன்."

"அவனுக்கு முன்னாடியே ஹார்ட்டு வீக்கு. ஏம் சேஸ்தாம், இன்னா பண்றது, தலையெழுத்து."

"எந்த டாக்டரு சொன்னாரு? பேரச் சொல்லு."

கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டான்.

பாஸ்கர் என் பின்னாலேயே ரோட்டுக்கு வந்தான். "வேணாம் வேணாம்னு சொல்றியேக்கா. இன்னா துன்னணும், எவ்ளோ தூக்கணும்னு நான் யாரப் போய் கேக்கறது? இவன உட்டா எனக்கு யாரு கீறா?"

நீயும் இதைத்தான் கேட்டுக்கொண்டு அலைந்தாயா, ஏழுமலை?

அவனைத் திருப்பதிக்கு அழைத்துப்போய் ஒரு டாக்டரம்மாவிடம் உட்காரவைத்தேன். அந்தம்மா திட்டவில்லை. என்ன வேலை, எவ்வளவு நேரம் தூக்கம், என்ன எடை தூக்குகிறான் என்று கேட்டார். முதலில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். முட்டை, பருப்பு, தயிர், கோழி எல்லாம் அவன் எடைக்கு எவ்வளவு போதும் என்று சொன்னார். சோற்றை விடத் தேவையில்லை என்றார். "தண்ணீரையும் உப்பையும் நிறுத்தாதீங்க. அந்த மாத்திரையைத் தொடவே கூடாது."

"அப்ப தோத்துடுவேன் மேடம்."

"தோற்கலாம் பாஸ்கர்."

போட்டிக்கு முந்தின கடைசி வாரத்தில் அவன் யார் பேச்சைக் கேட்பான் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இதைப் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

பாஸ்கர் தன் பெண்சாதியிடம் இது விரதம் இல்லை என்று சொல்ல வேண்டும், இன்றைக்கே. அந்த மாஸ்டர், ஏழுமலை, உனக்கு என்னென்ன கொடுத்தான் என்று போலீஸிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். மருந்துக்கடைக்காரர் டாக்டர் சீட்டு இல்லாமல் நீரிறக்கும் மாத்திரையை யாருக்கும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. போட்டி நடத்துகிறவர்கள் மேடைக்குப் பின்னால் ஒரு டாக்டரை உட்காரவைக்க வேண்டும், நாக்கு வறண்டு வருகிறவனை மேடையேற்றக் கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வாரத்தில் ஒரு நாளாவது, எடை தூக்குகிறவர்கள் வந்து சாப்பாட்டைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் இருக்க வேண்டும், தமிழும் தெலுங்கும் பேசுகிற ஆளாக. புரட்டாசியில் பிள்ளையோ புருஷனோ தண்ணீரை ஒதுக்கினால், வீட்டுப் பெண்கள் கையெடுத்துக் கும்பிடுவதற்கு முன்னால் காரணம் கேட்க வேண்டும்.

இதெல்லாம் நடக்கிறவரை ஒவ்வொரு போட்டிக்கும் போவேன். உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவனிடமும் உன் பெயரைச் சொல்வேன். இது சத்தியம்.

உன்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவள்,
கோபம் ஆறாத உன் அக்கா