சந்தைக்குத் தெரியாத நோய்

அண்ணா,

மருந்துக்கடைக்காரர் இன்று காலை நீட்டிய மாத்திரை அட்டையைப் பார்த்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. உங்கள் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்க்குமே, அதே அட்டை. "இது நெஞ்சுக்கா, வேற எதுக்காவதுங்களா?" என்றேன். "டாக்டரைக் கேளுங்க" என்றார். கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். ஒரே சரக்கை இரண்டு இடத்தில் விசாரிக்காமல் வாங்குவது நம் மாட்டு வியாபாரத்தில் உண்டா?

எனக்கும் நெஞ்சடைப்பு வந்து, தருமபுரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பிவிட்டார்கள். கேட்கிறவர்களிடம் "பெங்களூர்ல மக வூட்டுல இருக்கேன்" என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். யாருடைய பொய் இது என்று உங்களுக்குத் தெரியும்.

அன்று உங்களுக்கு நெஞ்சு ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் நீங்கள் உங்கள் வீட்டுக்கார அக்காவிடம் சொன்ன முதல் வார்த்தை, "சந்தைக்குத் தெரியக் கூடாது." காரிமங்கலம் சந்தையில் நொண்டுகிற மாட்டை நடக்கவிடாமல் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தி விற்பார்களே, அப்படி உங்களை நீங்களே நிறுத்திக்கொண்டீர்கள். மாட்டு வியாபாரி படுத்துவிட்டான் என்று தெரிந்தால் வாடிக்கை அடுத்த சந்தைக்குள் கைமாறிவிடும். அதனால் பார்க்க வந்தவர்களையெல்லாம் "பெங்களூர்ல மக வூட்டுல இருக்காரு" என்று சொல்லி அக்கா வாசலோடு திருப்பி அனுப்பினார். உள்ளே விட்டது என்னை மட்டும். என்னையும் நம்பினீர்களா என்ன! "ஏன்டா தினம் வர்ற? என் ஆளுங்களையெல்லாம் வளைச்சிட்டியா?" என்பீர்கள்.

வரவர அந்தக் கேலியும் நின்றது. தையல் ஆறிவிட்டது, ரிப்போர்ட் சுத்தம். நீங்கள் மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தீர்கள். "சோறு வச்சா வச்சபடி கிடக்குது தம்பி, டிவி போட்டா அமத்தச் சொல்றாரு" என்றார் அக்கா. நான் மாடு பார்க்கிற கண்ணோடு உங்களைப் பார்த்தேன். தோல் பளபளவென்று இருக்கும், பல் சரியாக இருக்கும், ஆனால் அசை போடாது. அந்த மாட்டை நாம் தொட மாட்டோம்.

"நெஞ்சை ரிப்பேர் பண்ணிட்டாங்கடா. ஆளை எங்கியோ வுட்டுட்டாங்க" என்றீர்கள்.

மறு பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா தூக்கம் வருகிறதா, பிடித்த வேலை பிடிக்கிறதா, வாழ்க்கை வெறுத்துவிட்டதா என்று துருவித் துருவிக் கேட்டார். எனக்குச் சந்தேகம் தட்டியது. மாட்டுக்கு விலை கேட்க வந்தவன் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தால் யாருக்குத்தான் தட்டாது? "புது மாத்திரை தள்ளப் பாக்குறாங்கண்ணா, கமிஷன் இருக்கும்" என்று உங்கள் காதில் சொன்னேன். அந்தம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

"கமிஷன் இல்லைங்க, இது மனச்சோர்வு. நெஞ்சு நோய் வந்தவங்க பல பேருக்கு வரும். கவனிக்காம விட்டா மாத்திரையை மறப்பாரு, நடக்க மாட்டாரு, நெஞ்சும் சேர்ந்து கெடும். சரி, வீட்டுக்கு யார் யார் வந்து பேசறாங்க?"

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். பிறகு அவரிடம், "யாரும் வர மாட்டாங்கம்மா. நான் பெங்களூர்ல இருக்கேன்."

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மாத்திரை, மனசு விட்டுப் பேச ஓர் ஆலோசகர், பழகின ஆட்கள், எல்லாமே வேண்டும் என்றார் டாக்டரம்மா. மாத்திரை பிடிக்கச் சில வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார். "வெறும் சுண்ணாம்புடா" என்று திட்டிக்கொண்டே விழுங்கினீர்கள். ஒரு சந்தை நாளில் காரில் அழைத்துப்போய் உங்களைப் புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அவ்வளவுதான், சந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது.

முதலில் வந்தவர், நீங்கள் ஜென்மத்துக்கும் நம்பாத அந்தக் கம்பைநல்லூர் தரகர். தோள் துண்டை எடுத்து உங்கள் கைமேல் போட்டு, உள்ளே தன் கையை விட்டார். வெளியாள் கண்ணில் படாமல் விரலைத் தொட்டு விலை பேசுவோமே, அதே மாதிரி. பக்கத்தில் மாடு ஒன்றுமில்லை. அவர் போனதும் "என்ன விலை சொன்னான்?" என்றேன்.

"விலை சொல்லலடா. சும்மா புடிச்சிக்கிட்டிருந்தான்." அந்தக் கையை மறு கையால் பொத்திக்கொண்டு, "எண்ணம் இல்லாம வர்ற ஆளு இல்ல அவன்" என்றீர்கள். ஆனால் அடுத்த சந்தைக்கு நான் வருவதற்குள் சட்டை போட்டுத் தயாராக நின்றீர்கள்.

கடைசியில் நெஞ்சுதான் உங்களைக் கொண்டுபோனது. அதற்குள் சில வருஷம் சந்தையில் சண்டை போட்டு, சிரித்து, நன்றாக அசை போட்டுவிட்டுத்தான் போனீர்கள்.

இப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருப்பது நான். காலையில் வாங்கி வந்த அந்த மனச்சோர்வு மாத்திரை அட்டை இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது. இதை எழுதும்போதே வாசலில் பைக் சத்தம். வீட்டுக்காரி வந்து, "கம்பைநல்லூர்க்காரரு வந்திருக்காருங்க. பெங்களூர்னு சொல்லிடட்டுமா?" என்கிறாள்.

யார் சொல்லி வந்தான், எதைப் பார்த்துப்போக வந்தான் என்றுதான் எனக்கும் முதலில் ஓடுகிறது. நீங்கள் கற்றுக்கொடுத்த புத்தி, அது போகாது. ஆனால் அன்று அவன் துண்டுக்குள்ளிருந்து வெளியே வந்த உங்கள் கையையும் நான் பார்த்திருக்கிறேன் அண்ணா.

"உள்ள வரச் சொல்லு" என்றேன். "தண்ணி ஒரு சொம்பு கொண்டா. மாத்திரை போடணும்."