துண்டுக்கு அடியில் பிடித்த விரல்

அன்பு மகள் வேல்விழிக்கு அப்பா எழுதுவது. இலஞ்சிக் குமாரர் புண்ணியத்தில் நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் அந்த டப்ளின் குளிரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு முட்டுவலி தவிர ஒன்றுமில்லை. அம்மா தேறி வருகிறாள் என்று போன வாரம் வரை போனில் சொல்லிக்கொண்டிருந்தேன், அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், பக்கத்தில் இருக்கிறவள் என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து அழுவாள்.

மேலகரத்தில் சாரல் தொடங்கிவிட்டது, துணி காயமாட்டேன் என்கிறது. திங்களும் வியாழனும் அவளை ஆட்டோவில் தென்காசிக்குக் கூட்டிப்போகிறேன், நீ விசாரித்துச் சேர்த்துவிட்ட அந்த மறதி நோய்க்கான பயிற்சி நிலையத்துக்குத்தான். கண்ணை மூடிக் கட்டுகிற பெட்டி மாதிரி அந்த வி.ஆர். கண்ணாடியை மாட்டினால் அவளுக்கு முன்னால் ஒரு கடைத்தெரு வரும், வரிசையாக ஐந்து கடை. பயிற்சி கொடுக்கிற எப்சிபா, தங்கமான பிள்ளை, புளி வாங்கணும், விளக்குத்திரி வாங்கணும் என்று மூன்று சாமான் சொல்லுவாள். அதை மனதில் வைத்துச் சரியான கடை முன்னால் வலது கையில் இருக்கிற பட்டனை அமுக்க வேண்டும். அவள் பார்ப்பது பக்கத்து டிவியில் எங்களுக்கும் தெரியும். முதல் மாதம் ஒரு சாமான்கூட வாங்கவில்லை உன் அம்மா. ஒருநாள் நடுத்தெருவில் நின்று பயந்து அழுதுவிட்டாள். ஆச்சியோட இடது கையை நீங்க பிடிச்சுக்கிடுங்க அண்ணாச்சி, தைரியமா இருப்பாங்க என்று எப்சிபா சொன்னாள். பிடித்தேன், அங்கேதான் வினை.

உன் அப்பன் முப்பது வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவன். சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவோம், பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. கல்யாணமான புதிதில் வீடு நிறைய ஆள், உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேச முடியாது, அதனால் அவளுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தேன். எத்தனை பேருக்கு உலை வைக்க, எத்தனை மணி பஸ் என்பதெல்லாம் விரலில்தான். அன்றைக்கு டிவியில் பார்த்தால் புளிக்கடை மூன்றாவது. என்னை அறியாமல் அவளுடைய மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்துவிட்டேன். நேரே மூன்றாவது கடைக்குப் போய்ப் பட்டனை அமுக்கினாள். எப்சிபா கைதட்டினாள். உன் அம்மா முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பார், அதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. அதற்கப்புறம் விடுவேனா, தோள்துண்டை அவள் மடியில் போட்டு ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொடுத்தேன். மார்க் ஏறியது. எப்சிபா உனக்கு ரிப்போர்ட் அனுப்பினாள். நீயும், அம்மாதான் தெளிஞ்சு வாராளேப்பா, ஆடி லீவைத் தள்ளிப்போட்டுப் பொங்கலுக்கு வாரேன் என்று சொன்னாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும், சரிம்மா என்று சொல்லிவிட்டேன். மாட்டின் சுழிக்குற்றத்தைக்கூட மறைத்து விற்காதவன் என்று பேர் வாங்கினவன், பெற்ற ஒரே பிள்ளையிடம் மறைத்தேன்.

போன வியாழன் எனக்குக் காய்ச்சல், பக்கத்து வீட்டு முத்துசெல்விதான் கூட்டிப்போனாள். அன்றைக்கு உன் அம்மா இடது கையை விரித்து நீட்டியபடியே அரைமணி நேரம் அந்தத் தெருவில் நின்றிருக்கிறாள். கடைசியில் ஆறுதலுக்குக் கண்ணாடிக்குள் குற்றால அருவியைக் காட்டுவார்கள், தண்ணி விழுது, மேல படலியே என்று எப்போதும் சிரிப்பாள், அன்றைக்கு அதையும் பார்க்கவில்லையாம். அந்தத் தரகரு வரலியா என்று கேட்டாளாம். தரகராம், கேட்டாயா. நாற்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

திங்கட்கிழமை எப்சிபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பிள்ளை ஏசவில்லை. மொதல்லயே சொல்லியிருந்தா லேசான பயிற்சிக்கு மாத்தியிருப்பேனே அண்ணாச்சி, மூணு மாசம் போச்சே என்றாள். ஏசியிருந்தால் தேவலை. டாக்டர் மறுபடி சோதித்தார். ஆள் அடையாளமும் நழுவுது, வரவேண்டியவங்க சீக்கிரம் வரட்டும் என்றார்.

நேற்றுச் சாயங்காலம் உன் போட்டோவைக் காட்டி யார் என்று கேட்டேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு எப்சிபாவா என்றாள். துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போட்டுக்கொண்டு, நமக்கு எத்தனை பிள்ளை கோமதி என்று கேட்டேன். மெதுவாக என் விரல் ஒன்றைப் பிடித்தாள். தட்டில் வைத்த இட்லி ஆறிப்போகிற வரைக்கும் அதை விடவே இல்லை.

அதனால் பொங்கல் வேண்டாம் தாயி, இந்தச் சாரலிலேயே வா. செய்த தப்புக்கு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் ஏசிக்கொள். வந்ததும் நான் யாரு, நான் யாரு என்று அவளைக் கேட்டு நெருக்காதே, பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கொடு, போதும். பேரனுக்குத் தாத்தாவின் முத்தம். குளித்த ஈரத்தலையோடு வெளியே போகாதே. நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்லு. துண்டைத் துவைத்து வைக்கிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
பலவேசம்