கண்ணாடித் தட்டில் பார்த்த காய்ச்சல்

என் பிரியமுள்ள ராஜம்மாவுக்கு,

நம்ம மகள் கனகாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் சுகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் நீ பதறிப்போவாய்.

கனகா தலைப்பிரசவத்துக்கு நகரிக்கு, நம் வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழாம் மாசம். ஒருநாள் காலையில் நான் தறியில் இருந்தபோது உள்ளே முனகல் கேட்டது. போய்ப் பார்த்தால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்குகிறாள், பல் தந்தியடிக்கிறது. ஒரு கையால் விலாவுக்குக் கீழே முதுகை அழுத்திப் பிடித்திருந்தாள். நீயும் அப்படித்தானே பிடித்திருந்தாய், ரெண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது?

அப்போது மலேரியா என்றார்கள், கொய்னா மாத்திரை கொடுத்தோம். காத்து கருப்பு என்றார்கள், தாயத்து கட்டினோம். ஒன்றுக்குப் போனால் நெருப்பாய் எரிகிறது என்று நீ வாய் திறந்து சொன்னது கடைசி நாளில்தான். அதுவும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு.

தாயில்லாத பெண் இதை யாரிடம் சொல்லுவாள்? பக்கத்தில் உட்கார்ந்து அப்பன் நானே கேட்டேன்.

"ஒண்ணுக்குப் போனா எரியுதாம்மா?"

"நீ போ நைனா. இதெல்லாம் நீ கேக்கக்கூடாது."

"உங்கம்மாவும் இப்படித்தான் மறைச்சா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "ரொம்ப நாளா எரிஞ்சிக்கினுதான் இருக்குது" என்றாள்.

உடனே திருப்பதி பஸ் ஏறினோம். பஸ் பூராவும் எல்லைப் பேச்சு. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போய்விட்டது, தெரியுமா உனக்கு? உன் பிறந்த வீடு அந்த ராஜ்யம், நம் வீடு ஆந்திரா. ரெண்டு பேர் அதற்காகச் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். வேறு நாளாயிருந்தால் நானும் சேர்ந்திருப்பேன். அன்றைக்கு என் தோளில் கனகாவின் தலை கொதித்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர், தெலுங்குக்காரம்மா. "மண்ட்டகா உந்தா?" என்று எரிச்சலைப் பற்றித்தான் முதலில் கேட்டார், இருமல் இருக்கிறதா என்று கேட்பதுபோல. பிறகு என்னிடம் பாதித் தமிழில் சொன்னார்.

"மூத்திரம் வர்ற வழியில கிருமி ஏறி கிட்னிக்குப் போயிருக்கு. வயித்துல பிள்ளை இருக்கறப்போ மூத்திரம் சரியா வடியாம தேங்கும், கிருமி சுலபமா ஏறிடும். எந்தப் பொண்ணுக்கும் வரலாம். தப்பு செஞ்சதால வர்றது இல்ல."

அந்தக் கடைசி வார்த்தையை நீ கேட்டிருக்க வேண்டும். என்ன பாவம் பண்ணினேன் என்று எத்தனை தரம் என்னைக் கேட்டாய்.

முதலில் போட்ட பென்சிலின் ஊசிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. வேண்டிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் வராந்தாவில் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தம்மா கூப்பிட்டு ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினார். கனகாவின் மூத்திரத்தில் இருந்த கிருமியை அதில் வளர்த்திருக்கிறார்களாம். தட்டு முழுக்கப் பாலாடைபோல் மங்கலாகப் படிந்திருந்தது. நடுநடுவே சின்னக் காகிதப் பொட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. பென்சிலின் பொட்டை ஒட்டிக்கொண்டு கிருமி வளர்ந்திருந்தது. இன்னொரு பொட்டைச் சுற்றி மட்டும், நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டினாற்போல, ஒரு வட்டம் துப்புரவாக இருந்தது.

"இந்த மருந்துக்குத்தான் சாவுது. இனிமே இதைக் குடுப்போம்."

ராஜம்மா, உன்னை என்னிடமிருந்து கொண்டுபோனது எதுவோ, அந்த ஜாதியை நான் கண்ணால் பார்த்தேன். அது தோற்கிற இடத்தையும் பார்த்தேன். என் கைகள் தாமாகக் குவிந்தன. அந்தம்மாவையா, தட்டையா, யாரைக் கும்பிட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. நோயாளி படுக்கையில் இருக்க, நோயைத் தனியே எடுத்துவைத்து, எதற்கு மடிவாய் என்று கேட்டுப் பார்க்கிற காலம் வந்துவிட்டது. நீ இருந்தபோது இந்த மருந்து உலகத்தில் எங்கேயாவது இருந்ததா?

மருந்தை மாற்றினார்கள். கனகாவுக்கு வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விட்டது. கண் திறந்ததும், "துன்ன எதனா இருக்குதா நைனா?" என்றாள். நான் வெளியே போய் அழுதுவிட்டுத்தான் இட்லி வாங்கி வந்தேன். பிரசவம் வரைக்கும் அடிக்கடி வரச்சொல்லி மூத்திரத்தைச் சோதித்தார்கள். பிள்ளை மாசம் நிறைந்து பிறந்தது. உன்னைப்போலவே அகலமான நெற்றி.

உனக்கு என்ன வந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் இதுவரை விஷக்காய்ச்சல் என்றே சொல்லிவந்தேன். இனிமேல் உள்ளதைச் சொல்லுவேன். நெசவுக்காரர் வீடுகளில் பெண்ணைப் பெற்ற ஒவ்வொருவரிடமும் கூச்சப்படாமல் சொல்லுவேன். பேத்தி வளர்ந்து கேட்கும்போது அவளிடமும் சொல்லுவேன். இது சத்தியம்.

உன் கனகாவின் நைனா.